காலையில் மட்டும் சாகும் லைன்

"எம் பையன் ஆப்பிரிக்காவுல போர் போடற ரிக் வண்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு, ஊட்டு மூஞ்சியப் பாக்க முடியாம தவிக்கறான். நீ என்னடான்னா தெனமும் வந்து வயரத் தடவிப் பாத்துட்டுப் போற!"

ஹால் கேமராவுக்கு நேராக நின்று சென்னியம்மாள் போட்ட சத்தத்தில், நெட் லைன் பார்க்க வந்த அன்புவின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவியது. அந்தம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது. மகன் ஜெகதீஸ்வரன் லீவில் ஜேடர்பாளையம் வந்தபோது அங்கிருந்தே போனில் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசை ஆசையாய் உள்ளேயும் வெளியேயும் கேமரா மாட்டி, படமெல்லாம் வந்து சேர ஹாலில் ஒரு சர்வரும் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

போன மாசத்திலிருந்து பிடித்தது சனி. காலையானால் நெட் செத்துப்போகும், மத்தியானம் தானாக உயிர் வரும்.

அன்பு என்னதான் செய்யவில்லை? ரவுட்டரை மாற்றினான், அடாப்டரை மாற்றினான். கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் புது ஒயர் இழுத்தான். கோளாறு சர்வரில்தானோ என்று அதையும் கழற்றி வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் அவன் வாசலில் பைக்கை நிறுத்தினால் போதும், பாழாய்ப்போன ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும்.

இன்றைக்கு விடமாட்டேன் என்று விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"இப்பக்கூட லைன் நல்லாத்தானுங்க இருக்குது" என்றான்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மருமகள் இலக்கியா, அதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ராசப்பனின் போன்.

"ஏன்டா, அந்த ஆப்பிரிக்காப் பையன் நேத்தும் கூப்பிட்டு என்னை நாறடிச்சுட்டான். இனி ஒரு தடவை அந்த ஊட்டுல நெட்டு நின்னுச்சு, நீ வேலைக்கு வர வேண்டாம்!"

அன்பு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆம்பளை அழக்கூடாது என்று யார் சொன்னார்களோ, அவர்கள் லைன் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஏனுங்கம்மா, எனக்கு வேற தொழில் தெரியாதுங்க. எம்பட சம்சாரம் மாசமா இருக்கறா. சத்தியமா எல்லாத்தையும் பாத்துட்டனுங்க, எங்க தப்புன்னே புரிய மாட்டேங்குது..."

சென்னியம்மாள் குனிந்து அவன் தோளைத் தொட்டாள். இத்தனை நாளும் அவனைத் திட்டிய பொம்பளையா இது என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எந்திரி கண்ணு. இப்படி உள்ள வா" என்று சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே மட்டும்தான் கேமரா கிடையாது. அடுப்பு மேடையோரம் இலக்கியா ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சென்னியம்மாள் கதவைச் சாத்தினாள். குரல் இறங்கியது.

"தெனமும் ப்ளக்கப் புடுங்கறது நாந்தாஞ் சாமி. மருமவ பரிச்சைக்குப் படிக்கக் கிளாசுக்குப் போறது எம் பையனுக்குத் தெரியக்கூடாது, அதுக்கு வேற வழி இருந்தாச் சொல்லு!"