உத்தரவில் எழுதாதது

வளைவில் திரும்பியதும் எதிரே சாமி நின்றது.

நிஜமாகவே சாமிதான். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊர்ச் சப்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளதாளத்தோடு முப்பது நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் எஸ்டேட்டின் காப்பிச் செடிகள்.

டிரைவர் வேடியப்பன் பிரேக்கை மிதித்தான்.

ஜீப்பின் பின்னால் ராசாத்தி கிடந்தாள். நாகலூரில் அவளுக்குத் தலைப்பிரசவம் ஆகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பெரியம்மா கண்ணாயியின் மடியில் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. ஆனால் அது வெளியே வந்த வேகத்தில் தாய்க்குக் கிழிந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை.

ராசாத்தியின் கால்மாட்டில் மண்டியிட்டிருந்தாள் நர்ஸ் ஞானசுந்தரி. வலது கை விரல்களில் துணியைச் சுற்றி, கிழிந்த இடத்தை உள்ளேயே அழுத்திப் பிடித்திருந்தாள். எடுத்தால் ரத்தம் பீறிடும். எடுக்காத வரை ராசாத்தி இருப்பாள்.

பெட்டியில் ஊசியும் நூலும் இருக்கத்தான் செய்தன. பிரசவம் பார்க்கிற நர்ஸ் தையல் போடக் கூடாது, டாக்டர் சொல்லாமல் ரத்தத்தை நிறுத்துகிற ஊசியும் போடக் கூடாது என்பது எண்பத்திரண்டில் அந்த மலைக்கு வந்த உத்தரவு. மீறினால் வேலை போகும், கேஸும் வரும். கிளம்பும்போது கண்ணாயி காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள், தைத்துவிடுங்கள் என்று. ஞானசுந்தரி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். தைக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

"தைக்கக் கூடாதுன்னுதானுங்க எழுதியிருக்குது," என்றாள். "அமுக்கிப் புடிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை."

அடேயப்பா, இவளல்லவோ பொம்பளை என்று கண்ணாயி நினைத்துக்கொண்டாள். நாகலூரிலிருந்து இதுவரை ஜீப் எத்தனை குழியில் விழுந்து எழுந்திருக்கும்! ஒவ்வொரு தடவையும் ஞானசுந்தரியின் தலை மேல் கம்பியில் மோதியது. நெற்றி புடைத்துவிட்டது. கை மட்டும் அசையவில்லை.

சாமியோடு வந்த பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். பிரசவத் தீட்டு சாமிக்கு எதிரே வரலாமா, வண்டியைப் பின்னால் எடு என்றார்கள். பின்னால் எடுப்பதென்றால் நாகலூர் வரைக்கும் போக வேண்டும். அங்கேதான் ஒதுங்க இடம். சப்பரம் ஆடி அசைந்து அங்கே வந்து சேர முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். ராசாத்தியின் உதடு இப்போதே வெளுத்துக் கிடந்தது.

கண்ணாயி பிள்ளையை அணைத்துக்கொண்டே இறங்கி ஓடினாள். சப்பரத்தின் முன் தண்டைத் தாங்கி நின்றவனை அப்போதுதான் பார்த்தாள். சித்தன். ஏழு மாசமாக ஞானசுந்தரியின் முகத்தில் முழிக்காதவன். அவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறவன். போயும் போயும் இவனிடமா வந்து மாட்ட வேண்டும்!

தங்கச்சி சாகக் கிடக்கிறாள், வழி விடுங்கள் என்று கும்பிட்டாள்.

நர்சம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டான் சித்தன். கையை வைத்து அமுக்கிப் பிடித்திருக்கிறாள் என்றாள் கண்ணாயி. கையையா என்றான். கையைத்தான், நாகலூரிலிருந்து எடுக்கவே இல்லை என்றாள்.

சித்தன் ஜீப்பைப் பார்த்தான்.

பிறகு தண்டோடு ரோட்டை விட்டுக் காப்பிச் செடிக்குள் ஏறினான். முன் தண்டு போகிற பக்கம் பின்னால் இருப்பவர்களும் போய்த்தானே ஆக வேண்டும்? சாமியைக் கீழே போடவா முடியும்? அவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடித்துக்கொண்டே செடிக்குள் புகுந்தார்கள். சாமி மாலையெல்லாம் கிளையில் மாட்டி, ஒரு பக்கம் சாய்ந்தபடி மேட்டில் போய் நின்றது.

சாமியே ஒதுங்கிவிட்ட பிறகு பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? ஜீப் போய்விட்டது.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் தயார் செய்துகொண்டு, கையை எடுக்கலாம் என்றார். ஞானசுந்தரியால் எடுக்க முடியவில்லை. விரல்கள் மரத்து விறைத்துவிட்டன. டாக்டரம்மாவே மெல்லப் பிடித்து வெளியே எடுத்தார்.

தையல் போட்டு முடிந்து வெகுநேரம் கழித்து, ராசாத்தி கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டாள். கண்ணாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பிள்ளையைத் தங்கச்சி பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு வந்து ஞானசுந்தரியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த ஒரு நர்சும் இப்படிப் பிடித்துக்கொண்டு வந்ததில்லையே, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"அத்தாயிகிட்டங்க," என்றாள் ஞானசுந்தரி.

டாக்டரம்மாவுக்கு அத்தாயி யாரென்று தெரியாது. கண்ணாயிக்குத் தெரியும். சித்தனின் பெண்சாதி. போன ஐப்பசியில் இதே போலக் கிழிந்து, இதே ஜீப்பில், ஏற்காடு வந்து சேர்வதற்குள் செத்துப்போனாள். அன்றைக்கு ஞானசுந்தரி உத்தரவுக்குப் பயந்து, வழி முழுக்க இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.