பச்சைப் பொத்தான்

“சார், ஆன்லைன்ல பணம் வாங்குற உங்க நிஜக் கீயைக் கொடுங்க.”

கல்லூரித் தாளாளரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று லிப்டில் வரும்போதுகூட முதலாளி ரகுபதி சொல்லியிருந்தார். கேட்டால், கல்லூரிக்குத் தன் கம்பெனி செய்துகொடுத்த இணைய விண்ணப்பப் பக்கத்தை, பணம் எந்தக் கணக்குக்கும் போகாத வெறும் சோதனைக் குறியீடான டெஸ்ட் கீயை வைத்தே ரகுபதி மூன்று வாரமாக ஓட்டியது வெட்டவெளிச்சமாகிவிடும். அவரிடம் புரோகிராமராக இருக்கும் பூவிழி கேட்டே விட்டாள்.

“அப்ப ஆன்லைன்ல கட்டணம் கட்டினவங்கள்லாம்?” என்றார் தாளாளர்.

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். வங்கிப் பக்கம் வரவேண்டிய இடத்தில் இரண்டே பொத்தான்கள். பச்சையில் வெற்றி, சிவப்பில் தோல்வி.

“சோதிச்சுப் பாக்குறவங்களுக்கு வச்சது சார். எதை அமுக்குறோமோ அதையே நடந்ததாக் காட்டும். அறுபத்து மூணு பேர் பச்சையை அமுக்கியிருக்காங்க. நிஜமாப் பணம் வராததால ஒருத்தர் விண்ணப்பமும் உங்களுக்கு வந்து சேரல.”

“நேர்ல கட்டினவங்களை வச்சே சீட்டை நிரப்பியாச்சேம்மா. நாளைக்கு லிஸ்ட் ஒட்டணும்.”

ரகுபதிக்குப் போன உயிர் திரும்பியது. “கட்டணம் கட்டாததால நிராகரிப்புன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டிரு. பட்டிக்காட்டுப் பிள்ளைங்கதானே, எதையாவது தப்பா அமுக்கியிருக்கும்.”

அப்படியொரு பட்டிக்காட்டிலிருந்து பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று விண்ணப்பித்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் பூவிழி. அன்று இந்த இரண்டு பொத்தான்களும் வந்திருந்தால் அவளும் பச்சையைத்தான் அமுக்கியிருப்பாள்.

“தப்பு பண்ணது நீங்க சார், அவங்க இல்ல. லிஸ்ட் ஒட்டுறதுக்கு முன்னாடி நடந்ததை நானே அவங்களுக்குச் சொல்றேன்.”

அந்த அறுபத்து மூன்று பேரின் கைபேசி எண்களும் இருந்த தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏய், வெளிய போனா வேலை கிடையாது பாத்துக்க!”

அவள் கதவைத் தாண்டும்போது முதல் எண்ணுக்கு மணி போய்க்கொண்டிருந்தது.