மதியச் சாப்பாட்டுக்கு ஒரு முதலாளி

“பள்ளிக்கூடப் பிள்ளைங்க சாப்பாட்டுச் செலவெல்லாம் நம்மால ஆகாதும்மா,” என்றார் பட்டு முதலாளி கோதண்டபாணி. கண் கையிலிருந்த புடவையை விட்டு எழவில்லை.

லோகாம்பாளின் மடியில் பொன்னாடை பிரிக்கப்படாமல் கிடந்தது.

“ஒரே ஒரு வருஷத்துக்குத்தாங்க. ஆண்டு விழாவுக்கு நீங்கதான் தலைமை. நோட்டீஸ்ல உங்க கடைப் பேரு மேல, எங்க மாதர் சங்கத்துப் பேரு கீழ. வாசல்ல கல்லு வேணும்னாலும் பதிச்சிடறோம்.”

“கல்லா? நான் இன்னும் உயிரோடதாம்மா இருக்கேன்.”

கடை ஆட்கள் சிரித்தார்கள். லோகாம்பாளும் சிரித்து வைத்தாள். பக்கத்தில் இருந்த அலமுவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அலமு, லோகாம்பாளின் தங்கை பெண். மெட்ராஸில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். லீவுக்கு வந்த இடத்தில் பெரியம்மா நடத்தும் இலவசப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். காலிப் பாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னால் இன்னும் சரி.

சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவின் நடுவில் பள்ளிக்கூடம். பிள்ளைகள்தான் வருவதில்லை. திங்கட்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். அன்றைக்கும் அறை காலியாக இருந்தால் அனுமதி ரத்து.

கடைக்கு வரும்போது ரிக்‌ஷாவிலேயே இருவருக்கும் வாக்குவாதம்.

“பசியாலயா பெரியம்மா வராம இருக்காங்க? காரணம் உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். அதை நன்கொடை கேக்கப் போற எடத்துல சொல்லுவாங்களா? வியாபாரி சும்மா குடுக்க மாட்டார். அவருக்கு ஒரு மாலை, ஒரு மேடை, பேப்பர்ல ஒரு போட்டோ. மனசு குளிரப் பேசினாதான் கை நீளும்.”

“அதுக்குப் பேரு ஜால்ரா.”

“என்ன பேரு வேணா வெச்சுக்கோ. அங்க வந்து வாயைத் திறக்காதே.”

இதுவரை அலமு திறக்கவில்லை.

கோதண்டபாணி புடவையை மடித்தார். “சோறு போட்டா வந்துடுவாங்களா? இப்ப ஏன் வரலை?”

“படிப்போட அருமை தெரியாத ஜனங்க...” என்றாள் லோகாம்பாள்.

“பொய்,” என்றாள் அலமு.

லோகாம்பாள் அவள் தொடையைக் கிள்ளினாள். பலனில்லை.

“நீங்க மடிக்கிறீங்களே, அதுதாங்க காரணம். உடம்பு பச்சை, கரை சிவப்பு, கோர்வைப் புடவை. அதுல கரை நூலைக் குறுக்கே ஓட்டறதுக்குத் தனியா நாடா தள்ளணும், பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். நீங்க குடுக்கிற கூலியில ஆள் வைக்க முடியுமா? பெத்த பிள்ளையை உக்கார வைக்கிறாங்க. உங்க தறியில உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்குச் சோறு போடுங்கன்னு உங்ககிட்டயே வந்து கேக்கறோம். இதுக்கு நோட்டீஸ்ல பேரு வேற.”

இப்போது கடையில் யாரும் சிரிக்கவில்லை.

“எந்தத் தெரு?” என்றார் கோதண்டபாணி.

“ஸ்கூல் இருக்கிற தெருதாங்க. எல்லாரும் உங்களுக்கு நெய்யறவங்கதான்.” லோகாம்பாள் அவசரமாகக் குறுக்கிட்டாள். “சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசிட்டா.”

“தெரிஞ்சுதான் பேசுது. நன்கொடை கிடையாது. போயிட்டு வாங்க.”

பொன்னாடை வீட்டுக்கே திரும்பி வந்தது.

“காலேஜ் பேச்சுப் போட்டியில கப்பு வாங்கற வாயை இங்க எதுக்குடி கொண்டாந்தே?” என்றாள் லோகாம்பாள்.

சனிக்கிழமை அதைவிட மோசமான செய்தி வந்தது. முதலாளியின் ஆட்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, கரைக்குக் கொடுத்திருந்த பட்டு நூலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தீபாவளி நெருங்குகிற சமயம்.

“உன் மேல இருக்கிற கோவத்தை அவங்க வயித்துல காட்டிட்டார். இனிமே எந்த மூஞ்சியோட அந்தத் தெருவுல நடக்கறது?” என்றாள் லோகாம்பாள்.

முதலாளி வர்க்கத்தைப் பற்றி அலமுவிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை. சாப்பிடவும் தோன்றவில்லை. எத்தனை வீட்டு அடுப்பைத் தன் வாய் அணைத்ததோ என்றே மனம் அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை. அதிகாரி வருகிற நேரம். பாய்கள் காலி.

லோகாம்பாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். “பக்கத்து ஸ்கூல்லேருந்து கொஞ்சம் பசங்களை இரவல் கேட்டுப் பாப்பமா?”

“அதுவும் பொய்தானே பெரியம்மா.”

“நீ பேசாதே.”

அப்போதுதான் தெருமுனையில் அந்தக் கும்பல் தெரிந்தது. எல்லாரும் நெசவு வீட்டுப் பெண்கள். முன்னால் மணியம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக வந்தாள்.

“சண்டைக்கு வர்றாங்க,” என்று லோகாம்பாள் கதவைச் சாத்தப் போனாள்.

அலமு அவளைத் தாண்டி வெளியே வந்து நின்றாள்.

“உங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம். என்னைத் திட்டுங்க. பெரியம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க.”

மணியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வேலை எங்கம்மா போச்சு?”

“கரை நூலை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே?”

“ஆமா. இந்தத் தெருவுக்கு இனிமே கோர்வையே வேணாமாம். உடம்பு, கரை எல்லாம் ஒரே நிறத்துல, ஒரே நாடாவுல ஒத்தை ஆளா நெய்யுங்கன்னுட்டாரு. கூலி மட்டும் கோர்வைக்குக் குடுத்த அதே கூலிதான்.”

மணியம்மாள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, ஒளிந்திருந்த மகளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் வந்த ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு பிள்ளை.

“உள்ள எடம் இருக்குதாம்மா? பிள்ளையை இங்க அனுப்பாத வீட்டுக்கு நெய்ய அடுத்த பாவு நூல் கிடையாதுன்னு முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாரு.”