நூத்திருபது மெஷ்

முட்டி இரண்டும் தீயாக எரிந்தன. உடைந்த ஊறுகாய் ஜாடிச் சில்லுகளின் மேல் காலை எட்டு மணியிலிருந்து மண்டியிட்டிருந்தான் தங்கராசு. திருட்டுப் பொருள் அவன் எதிரிலேயே பளபளவென்று கிடந்தது. மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாட்டிய கம்பி வலை. ஜாடிக்கு மெருகேற்றப் பூசும் கிளேஸைச் சலிக்கிற சல்லடை.

"இந்த வலை ஏதுடா?" என்றான் மேஸ்திரி சாமிதுரை. கையில் சொட்டுநீர்க் குழாயில் மிச்சம் விழுந்த துண்டு. கறுப்பு, இரண்டு முழம்.

"நான் வாங்கினதுங்க."

குழாய் முதுகில் இறங்கியது. சட்டை கிழிந்து வெகுநேரமாகிவிட்டது. இப்போது கிழிவது தோல்.

தொண்ணூற்றாறு சித்திரை. விருத்தாசலத்தில் சொட்டுத் தண்ணீருக்கு அடிதடி. இருந்தாலும் முதலாளி ஜம்புலிங்கத்துக்குத் தன் செராமிக் கம்பெனி வாசலில் புல்தரையும் ரோஜாவும் வேண்டும். மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டார். களிமண் கழுவிய தண்ணீரைத் தெளியவைத்து நேற்றுத்தான் முதன்முதலாகத் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நானூறு துளையும் சேறு அடைத்து நின்றது.

இன்று விடிந்ததும் சாமிதுரை ஃபில்டர் தொட்டிக்கு ஸ்பேனர் போட்டான். மூடி போல்ட்டுகளில் பச்சைப் பெயின்ட் இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் கழற்றினான். உள்ளே சேற்றை வடிகட்ட வேண்டிய வலை இல்லை.

"லிஸ்ட்டப் பாரு" என்று குழாய்க் கம்பெனி தந்த காகிதத்தைத் தங்கராசுவின் முகத்தெதிரே ஆட்டினார் ஜம்புலிங்கம். "ஃபில்டர் தொட்டி ஒண்ணு, நூத்திருபது மெஷ் வலை ஒண்ணு, பிரஷர் மீட்டர் ஒண்ணு. அத்தனைக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கிளேஸ் சலிக்கவும் அங்குலத்துக்கு நூற்றிருபது கண் உள்ள அதே நூத்திருபது மெஷ்தான் வேண்டும். மற்றவனுக்கு அது வெறும் கம்பி. அந்தக் கம்பெனியில் கிளேஸ் போடுகிறவன் தங்கராசு ஒருவன்தான். அவனுடைய கிழிந்த சல்லடையும் நான்கு நாளைக்கு முன் புதிதாகியிருந்தது.

"பழைய சல்லடை ஓட்டைங்க மொதலாளி. கட்டி கட்டியா வுழுந்து ஜாடியெல்லாம் புள்ளி. இன்னொரு புள்ளி பாத்தா வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்னு சொன்னீங்க. புதுசு கேட்டேன், தரல. அதான் கடலூரு போயி, பழைய சாமான் கடையில..."

சாமிதுரை சிரித்துவிட்டான். "எவன்டா சொந்தக் காசுல மொதலாளிக்குச் சல்லடை வாங்குவான்? நீ என்ன வூட்டு மாப்பிள்ளையா?"

சுற்றி நின்றவர்களில் சிலரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அது நம்பும்படி இல்லை.

பேக்கிங் ஷெட்டிலிருந்து தங்கராசுவின் மனைவி திரௌபதி, தலையெல்லாம் வைக்கோலாக ஓடிவந்தாள். "பொய் சொல்லலைங்க அவரு! நானும்தான் கூடப் போனேன். பஸ்ஸுல என் மடியில வெச்சுத்தான் எடுத்தாந்தேன்."

"ஓகோ, ஜோடியாத்தான் திருடினீங்களா?" சாமிதுரை அவள் கொண்டையைப் பிடித்துத் தள்ளினான். சில்லுகளின் மேல் முகம் பட விழுந்தாள். உதடு பிளந்தது.

தங்கராசு எழப் பார்த்தான். இரண்டு பேர் தோளை அழுத்தினார்கள்.

"இவன் வாயால சொல்ல மாட்டான். கைய வை" என்றார் ஜம்புலிங்கம்.

அவன் வலது கையை இழுத்து ஒரு கல்லின் மேல் வைத்தார்கள். மண் அரைக்கும் மில்லில் உருளுகிற பெரிய கூழாங்கல்லைச் சாமிதுரை எடுத்துவந்தான். இரண்டு முறை போட்டான். சுடாத ஜாடியின் காது ஒடிவதுபோல விரல்கள் ஒடிந்தன. தங்கராசு வாந்தியெடுத்தான்.

"அடுத்தது அவ கை" என்று திரௌபதியைப் பார்த்தான் சாமிதுரை.

"வேணாம்!" தங்கராசுவுக்கு நாக்குக் குழறியது. "நான்தான் எடுத்தேன். நான்தாங்க. அவள வுட்டுடுங்க."

ஜம்புலிங்கம் பெருமூச்சு விட்டார். "இத எட்டு மணிக்கே சொல்லியிருந்தா கை மிஞ்சியிருக்கும்ல?"

"ஃபில்டருக்குள்ள உருளையா இருந்தத வெட்டி, விரிச்சு, ஆணி அடிச்சிருக்கான் பாருங்க, களவாணிப் பய" என்று சட்டத்திலிருந்து வலையைப் பிய்த்தான் சாமிதுரை. திரௌபதி புருஷனின் கையைத் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். தொடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

கேட்டில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குழாய் மாட்டிய கம்பெனியின் பிரேம்நாத். திறந்து கிடந்த ஃபில்டர் தொட்டியையும் சேறாய்க் கிடந்த புல்தரையையும் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"ஐயோ, அதுக்குள்ள ஏன் சார் தண்ணியத் திறந்தீங்க? வேணாம்னு சொல்லத்தானே கடலூர்லேர்ந்து ஓடியாரேன்!"

"வலையத் திருடிட்டான் தம்பி. புடிச்சிட்டோம், ஒத்துக்கிட்டான்" என்று தங்கராசுவைக் காட்டினார் ஜம்புலிங்கம்.

பிரேம்நாத் அந்தக் கையைப் பார்த்தான். திரௌபதியின் வாயைப் பார்த்தான். அவன் குரல் இறங்கிப்போனது.

"அந்த வலைய நாங்க இன்னும் குடுக்கவே இல்லைங்க சார், அது எங்ககிட்டதான் பாக்கி இருக்குது."