ஏழாவது நிமிடம்

"நிறுத்தாத கண்ணு. இன்னும் கொஞ்சம் ஏத்து."

டிரெட்மில்லில் மூச்சு வாங்க நடந்துகொண்டே சாராள் சொன்னாள். நெஞ்சில் ஒட்டிய வயர்கள் ஆடின, கழுத்தெல்லாம் வேர்வை.

செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரில் நாலு வருஷமாக இந்த மெஷினை இயக்கும் கவியாவுக்கு இப்படிப்பட்டவர்களைத் தெரியும். வேலை போய்விடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர்கள்.

சாராள் படாளம் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி தூக்குகிறாள். கூட வந்திருந்த சூப்பர்வைசர் வாசுதேவன் வெளியே உட்கார்ந்திருந்தார். "ரிப்போர்ட்ட இன்னிக்கே மேனேஜர் பாக்கணும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். இதயத்தில் கோளாறு என்று வந்தால் இந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கவியாவுக்கு அது அப்போதே புரிந்துவிட்டது.

"மூணு தரம் படுக்கவெச்சு ஈசிஜி எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னுதான் வந்துது" என்றாள் சாராள். "இதுல எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"இதுல மறைக்க முடியாதுக்கா. நடக்கும்போது இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டுக் கவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவமாக இருந்தது.

ஆறு நிமிடம் முடிந்ததும் பெல்ட் வேகமெடுத்தது, மேடு இன்னும் செங்குத்தானது. ஏழாவது நிமிடத்தில் சாராளின் முகம் சுருங்கியது. இடது தோள் லேசாக மேலே ஏறியது.

"வலிக்குதாக்கா? எறங்கிடுங்க."

"நீ ஏத்து. நான் எறங்க மாட்டேன்."

திரையில் ஓடிய கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஷபானா கையை உயர்த்தினார். "போதும். நிறுத்து."

உடனே இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து எக்கோ பார்த்தார்கள். திரையில் இதயம் தடதடவென்று அடித்தது. முன் சுவர் மட்டும் சோர்ந்துபோய்ப் பின்தங்கியது.

"ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்னு தோணுதும்மா" என்றார் டாக்டர். "மாத்திரை எழுதறேன். அடுத்து ஆஞ்சியோ பாத்துடலாம். நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது."

வலி அடங்கும்வரை சாராள் கண்ணை மூடிக் கிடந்தாள். டவலை நீட்டிய கவியா குனிந்து காதோடு சொன்னாள். "வெளிய இருக்கறவர்கிட்ட நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்கா. பயப்படாதீங்க."

சாராள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள். "கதவத் தொற கண்ணு."

கவியா தயங்கித் தயங்கித் திறந்தாள். வாசலில் வாசுதேவன் போனும் கையுமாக நின்றிருந்தார்.

"இன்னா சார், மூணு மாசமா நெஞ்சு வலின்னு நடிக்கிறேன்னு சொன்னியே, இப்ப உள்ள வந்து பாரு."