சுத்தமான தண்ணி

“பேட்டரியைக் கழட்டி மாட்டினவன் நீ. அப்போ கோளாறும் உன் கைவரிசைதானே?”

தெற்கு மாட வீதியை ஒட்டிய அந்தச் சந்தே திரும்பிப் பார்க்கும்படி ராஜகோபாலன் கத்தினார். டிரெய்லருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினான் பேட்டரி மெக்கானிக் பிரபு. அந்த டிரெய்லரை ஜீப்பில் மாட்டி, காசிவரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பியவனும் அவன்தான்.

டிரெய்லர் என்றால் சாமான் ஏற்றுகிற ரகம் இல்லை. படுக்கை, அடுப்பு, பேட்டரியில் ஓடும் மின்விசிறி, சின்ன ஃபிரிட்ஜ் என்று உள்ளே ஒரு குடித்தனமே நடத்தலாம். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றதை, தொண்ணூற்று மூன்றில் ரிட்டயரான கையோடு ராஜகோபாலன் வாங்கினார். “தகர டப்பாடா இது, தெருமுனை தாண்டாது” என்று அன்றைக்கே சிரித்தவர், அவருடைய அக்காவின் கணவரான அத்திம்பேர்.

அந்த அத்திம்பேர் இன்று விருந்தாளி. காசி யாத்திரை நல்லபடியாக முடிந்ததற்காக வீட்டில் கங்கா பூஜை. சாப்பாடு ஆனதும் அவரை டிரெய்லருக்குள் உட்கார வைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து ஜில்லென்று பாதாம் பால் எடுத்து நீட்ட வேண்டும். மூன்று வருஷ அவமானத்தை ஒரே டம்ளரில் கழுவிவிடலாம் என்று ராஜகோபாலன் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் மின்விசிறி அசையவில்லை, பாதாம் பால் திரிந்தே போயிருந்தது.

“செல்லெல்லாம் பூட்ச்சி சார். ஊத்தின தண்ணி சரியில்ல.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பேட்டரிக்குன்னே வாங்கின டிஸ்டில்டு வாட்டர்டா அது. உன்னை மாதிரி ஆள் கையில குடுத்தா குழாய்த் தண்ணியைக் கலந்துடுவேன்னுதானே, கேனை என் படுக்கைக்கு அடியில பூட்டி வெச்சுண்டேன்? திரும்பி வரச்சே நாக்பூர்ல நானே என் கையால ஊத்தலை?”

“அதத்தான் சார் நானும் சொல்றேன். நீங்கதான் ஊத்தினீங்க.”

ராஜகோபாலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருகிறவன் தனக்குச் சுத்தம் சொல்லித் தருவதா? படித்த திமிர் என்று ஒன்று உண்டு. அவரிடம் அது பென்ஷனோடு சேர்ந்து வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏன்னா, தீர்த்தம் குடுக்க வாங்கோ. எல்லாரும் காத்துண்டிருக்கா!” என்று மனைவி விசாலாக்ஷி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

காலை அலம்பிக்கொண்டு போனார். வெள்ளிக் குடத்திலிருந்து ஆளுக்கு ஒரு உத்தரணிக் கரண்டி கங்கை தீர்த்தம். கடையில் செம்பில் அடைத்து விற்கிற சரக்கு இல்லை, பிரயாகையில் தானே படகேறிப் போய் நட்டாற்றில் இன்னொரு வெள்ளைக் கேனை முக்கி எடுத்தது, அதையும் அதே படுக்கைக்கு அடியில் பூட்டிக் காபந்து பண்ணிக் கொண்டுவந்தது என்று ஒருவர் விடாமல் சொன்னார்.

அத்திம்பேர் உள்ளங்கையை உற்றுப் பார்த்தார். “நான் போனப்போ கங்கை ஒரே கலங்கலா ஓடித்தேடா! இது கண்ணாடியாட்டமா இருக்கே?”

“பார்க்கறவா மனசு எப்படியோ அப்படித்தான் கங்கையும், அத்திம்பேர்.”

கூடமே சிரித்தது. அத்திம்பேர் குடித்துவிட்டு, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டு, இன்னொரு உத்தரணி கேட்டு வாங்கினார். பாதி ஜெயித்தாயிற்று என்று ராஜகோபாலனுக்கு நெஞ்சு விம்மியது.

மீதிப் பாதிதான் வாசலில் காலை வாரியது. சாப்பிட்ட கையோடு டிரெய்லருக்குள் ஏறிய அத்திம்பேர், இரண்டே நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். “ஏன்டா, உன் டப்பா இட்லிப் பானையாட்டம் வேகறதே?”

யாரும் சிரிப்பதற்குள் ராஜகோபாலன் முந்திக்கொண்டார். “வண்டி மேல தப்பே இல்லை அத்திம்பேர். எல்லாம் இவன் லட்சணம். பேட்டரியைக் கொன்னுட்டு, நான் ஊத்தின தண்ணி மேல பழி போடறான்!”

பிரபு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “பதினஞ்சு வருசமா இதே தொழில் சார். மந்தவெளில யாரை வேணா கேட்டுப் பாரு. நாலு பேர் எதிர்ல இப்டி சொன்னா, நாளைக்கு எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்?”

“வாயை மூடு! கேன்ல பாதி இன்னும் மிச்சம் இருக்கு. யார் அழுக்குன்னு எல்லார் கண்ணுக்கும் இப்பவே தெரிஞ்சுடட்டும்.”

படுக்கையைத் தூக்கி, பூட்டைத் திறந்து, வெள்ளைக் கேனை எடுத்து வந்தார். விசாலாக்ஷியிடம் கண்ணாடி டம்ளர் ஒன்றை வாங்கி, அத்திம்பேரின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிதானமாகச் சாய்த்தார்.

மணலும் வண்டலுமாகத் தண்ணீர் கலங்கி விழுந்தது. பின்னாலேயே வந்த ஒரு சாமந்தி இதழ் டம்ளருக்குள் சுற்றிச் சுற்றி மிதந்தது.

அத்திம்பேர் தன் உள்ளங்கையை ஒரு தரம் முகர்ந்து பார்த்தார். ராஜகோபாலன் வீட்டுக்குள் இருந்த வெள்ளிக் குடத்தை எட்டிப் பார்த்தார்.

பிரபு டம்ளரைப் பார்த்தான். பேட்டரியைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியை நோக்கி இரண்டு கையையும் கூப்பினான்.

“உடு சார், பேட்டரி மோட்சத்துக்குப் பூட்ச்சி.”