வீங்கிய ஃபோல்டர்

“உள்ளே யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க!”

பூபே கம்ப்யூட்டரைக் காட்டித்தான் கத்தினாள். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துச் சம்பாதிப்பவள் அவள். பாதி முடித்த பத்திரிகையைச் சேமிக்க இடமே இல்லை என்று அது கையை விரித்துவிட்டது. இருந்த இடத்தையெல்லாம் விழுங்கியிருந்தது, கணவன் சிலேஷேயின் கால்பந்து விளையாட்டு ஃபோல்டர்.

“மெதுவா பேசு. உங்கம்மா காதுல விழப்போகுது” என்று சிலேஷே கெஞ்சினான்.

மாமியார் உள்ளறைத் திரைக்குப் பின்னால்தான் இருந்தாள். ஊரிலிருந்து ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து ஒரு மாதமாகிறது. பெம்பா இனத்து வீடுகளில் மருமகனும் மாமியாரும் முகம் பார்ப்பதோ நேராகப் பேசுவதோ மரியாதை இல்லை. அவன் வீட்டுக்குள் கால் வைத்தால் அவள் திரைக்குள் போய்விடுவாள். மகள் மூலமாக அவள் இதுவரை கேட்டனுப்பியதெல்லாம் ‘சாப்பிட்டாரா?’ என்ற ஒன்றுதான்.

“விழட்டுமே! என்னென்ன கண்றாவிப் படமோ! நம்ம கல்யாணத்தைப் பேசி முடிச்ச பெரியவரை இன்னிக்கே கூப்பிடறேன்.”

மாமியாரை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து என்றால், அப்புறம் கிட்வே நகரத்தில் தலைகாட்ட முடியாது. சிலேஷே உடனே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நண்பன் சிதாலிக்கு போன் போட்டான்.

சிதாலி வந்ததும் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். கடலைத்தோல் பொலபொலவென்று உதிர்ந்தது.

“தின்னுக்கிட்டே ஆடறியாடா?”

“எனக்குக் கடலை ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? உடம்பெல்லாம் தடிச்சிரும். எலி வேலையா இருக்கும்.”

சிதாலி ஃபோல்டருக்குள் புகுந்தான். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தான்.

“வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கோல் போடும்போதெல்லாம் இந்த விளையாட்டு தானாவே அதை வீடியோ எடுத்து வெச்சுக்குது. இங்க ஆயிரக்கணக்குல கோல் கிடக்கு!”

“ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடறவருக்கு ஆயிரக்கணக்குல கோலா?” பூபே இடுப்பில் கை வைத்தாள்.

“எல்லாம் வேலை நாள்ல, காலையில போட்ட கோல்” என்று சிதாலி உளறிவிட்டான்.

காலையில் பூபே அச்சகத்துக்குப் போவாள், சிலேஷே மரக்கடைக்குப் போவான். போகிறான் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“வேலைக்குக் கிளம்பற மாதிரி கிளம்பி, நான் போனதும் திரும்பி வந்துடறீங்க, இல்ல?”

“சத்தியமா இல்ல பூபே!”

சிதாலி அவசரமாக ஒரு வீடியோவை ஓடவிட்டான். சிவப்புச் சட்டைக்காரன் நாலு பேருக்குத் தண்ணி காட்டிவிட்டு, கோல்கீப்பரைத் தரையில் படுக்கவைத்து, பந்தை மேல்மூலையில் செருகினான். அடுத்த கோல் அதைவிட அழகு. அதற்கடுத்த கோலுக்கு மூன்று பேருமே சண்டையை மறந்து, “கோல்!” என்று கூவிக் குதித்தார்கள்.

“தங்கச்சி, உன் புருஷன் நிரபராதி” என்றான் சிதாலி மூச்சு வாங்க. “தலைகீழா நின்னாலும் இவனுக்கு இப்படி ஆட வராது. போன ஞாயித்துக்கிழமை இதே கம்ப்யூட்டர்ல அஞ்சு பெனால்டி அடிச்சான். அஞ்சையும் கோலி பிடிச்சிட்டான்!”

அவமானம் பிடுங்கித் தின்றாலும் சிலேஷே வேகமாகத் தலையாட்டினான்.

“அப்ப ஆடினது யாரு?” என்றாள் பூபே.

உள்ளே கடலை உடைக்கிற சத்தம் நின்றது. திரை லேசாக அசைந்தது.

“பூபே, மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா... எல்லா பெனால்டியையும் இடது பக்கமே அடிச்சா, கோலி பிடிக்காம என்ன செய்வான்?”